‘கரன்ட் வைக்கிற அன்னிக்கே கீமோவா?’ - ஒரே நாளில் இரண்டு சிகிச்சைகள் ஏன்?

“ஏன் பாப்பா, கரன்ட் வைக்கிறதே உடம்புக்குச் சூடு. அன்னிக்கே மருந்தும் ஏத்தினா இந்த உடம்பு தாங்குமா?”

சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய நாள் இரவு பெரியம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. பெரியம்மாவுக்கு 54 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய். மாதவிலக்கு நின்று நான்கு வருடங்கள் ஆன பிறகு லேசாக ரத்தம் பட ஆரம்பித்ததை, ஏழெட்டு மாதங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். கண்டுபிடித்தபோது, கட்டி கருப்பைவாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுக்களுக்குப் போயிருந்தது. ‘ஆபரேஷன் வேண்டாம். ரேடியேஷனையும் கீமோவையும் சேர்த்துக் கொடுப்போம்’ என்று டாக்டர் சொன்னதும், பெரியப்பா என்னைத் தனியாக வராண்டாவுக்குக் கூப்பிட்டார். “ஆபரேஷன் பண்ண மாட்டேன்னா என்ன அர்த்தம்... கைவிட்டுட்டாங்களா?”

நான் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஹெல்த் செய்திகளைப் பார்த்துக்கொள்கிறவள். ‘கீமோ’, ‘ரேடியேஷன்’ என்ற வார்த்தைகளை வாரத்துக்கு நான்கு முறையாவது டைப் செய்கிறேன். ஆனாலும் பெரியம்மாவின் கேள்விக்கோ, பெரியப்பாவின் கேள்விக்கோ உருப்படியான பதில் என்னிடம் அன்று இல்லை. அடுத்த எட்டு வாரங்களில் மருத்துவமனைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டும், இரவில் படித்தும் தெரிந்துகொண்டவைதாம் இவை. அந்தக் கூடத்தில் இருந்த முக்கால்வாசிப் பேரிடமும் இதே இரண்டு கேள்விகள் இருந்தன.

கரன்ட் இல்லை, சூடும் இல்லை!

ஊரில் எல்லோரும் ‘கரன்ட் வைக்கிறது’ என்றுதான் சொல்கிறார்கள். சிலர் ‘லைட் வைக்கிறது’ என்கிறார்கள். உண்மையில், உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது பயன்படுகிற அதே கதிர்தான், பல மடங்கு ஆற்றலோடு, கட்டி இருக்கும் இடத்துக்குக் குறிவைத்து அனுப்பப்படுகிறது. கதிர் பாயும் நேரம் சில நிமிடங்கள். வலிக்காது, சுடாது. “இவ்வளவுதானா?” என்று முதல் நாள் வெளியே வந்த பெரியம்மா ஏமாந்த மாதிரிகூடக் கேட்டார்.

அந்தச் சில நிமிடங்களில் கதிர், செல்லின் உள்ளே இருக்கும் டி.என்.ஏ இழைகளை அறுக்கிறது. டி.என்.ஏ அறுந்துபோன செல்லால் ஒழுங்காக இரண்டாகப் பிரிய முடியாது. பிரிய முயலும்போது செத்துப்போகும். ஆனால், அறுந்ததை ஒட்டிக்கொள்ளும் வித்தை எல்லா செல்களுக்கும் தெரியும். கதிர் பட்ட சில மணி நேரங்களிலேயே ரிப்பேர் வேலை நடந்துவிடும். கதிர் பட்ட நல்ல செல்கள் இந்த வேலையைப் பெரும்பாலும் ஒழுங்காகச் செய்யும். புற்றுநோய் செல்களுக்கு அந்த நிதானம் குறைவு. மொத்தக் கதிரையும் ஒரே நாளில் கொடுக்காமல் 25, 30 நாள்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு நாள் இரவிலும் நல்ல செல்கள் தேறி எழும். கெட்டவை இன்னும் கொஞ்சம் தேயும்.

பிரச்னை, ரிப்பேர் செய்துகொண்டு தப்பித்துவிடுகிற அந்தக் கெட்ட செல்கள்தாம். இங்கேதான் மருந்து வருகிறது.

கருப்பைவாய், வாய், தொண்டைப் புற்றுநோய்களில் கதிர்வீச்சோடு சேர்த்து அதிகம் பயன்படுவது சிஸ்பிளாட்டின். பிளாட்டினம் உலோகத்திலிருந்து செய்கிற மருந்து. ரத்தத்தில் ஏறி, செல்லுக்குள் புகுந்து, டி.என்.ஏ இழைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். கதிர் அறுத்துவிட்டுப் போன இடத்தைச் செல் ஒட்டவைக்கப் பார்க்கும்போது, இது குறுக்கே நிற்கும். இடிந்த சுவரை ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டவரும் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்வதுபோல. அறுப்பது கதிரின் வேலை, ஒட்டவிடாமல் செய்வது மருந்தின் வேலை. ரிப்பேர் நடப்பதே சில மணி நேரத்துக்குள் என்பதால், இரண்டும் ஒரே காலகட்டத்தில் உடம்பில் இருந்தால்தான் இந்தக் கூட்டணி பலிக்கும். கதிர்வீச்சை முடித்துவிட்டு இரண்டு மாதம் கழித்து மருந்து ஏற்றினால், அதற்கு வேறு பலன்கள் இருக்கலாம்; இந்தப் பலன் கிடைக்காது.

வேறு சில மருந்துகள் வேறு வழியில் உதவுகின்றன. செல் தன் டி.என்.ஏ-வை நகலெடுக்கும் கட்டத்தின் பிற்பகுதியில் கதிருக்கு அவ்வளவாக மசியாது. அந்த நகலெடுக்கும் கட்டத்திலேயே செல்லைப் பிடிக்கும் மருந்து, ஃபுளோரோயூராசில். கட்டியின் நடுவில் ரத்த ஓட்டம் எட்டாமல் ஆக்ஸிஜன் இல்லாமல் கிடக்கும் செல்களைக் கொல்ல, இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். மைட்டோமைசின் என்ற மருந்துக்கு அப்படிப்பட்ட செல்களைத்தான் அதிகம் பிடிக்கும். கதிர்வீச்சின் அளவை ‘கிரே’ என்று சொல்கிறார்களே, அது லூயி ஹெரால்டு கிரே என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியின் பெயர். ஆக்ஸிஜன் குறைந்தால் கதிரின் வீரியம் குறைகிறது என்பதை 1953-ல் தெளிவாக எடுத்துக்காட்டிய குழுவில் இருந்தவர் அவர். ‘ஹீமோகுளோபின் குறைஞ்சிருக்கு, ரத்தம் ஏத்திட்டு அப்புறம் பார்க்கலாம்’ என்று டாக்டர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்த ஆக்ஸிஜன் விவகாரமும் இருக்கிறது.

100 கோடி செல்களின் கணக்கு

மருந்து சேர்ப்பதால் அப்படி என்ன பெரிதாகக் கூடிவிடப்போகிறது? எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் 100 கோடி புற்றுநோய் செல்கள் வரை இருக்கலாம். ஒருமுறை கதிர் கொடுத்தால் பாதி செல்கள் சாகின்றன என்று வைத்துக்கொள்வோம். (புரிவதற்காகச் சொல்லும் கணக்குதான். உண்மையில், இது கட்டிக்குக் கட்டி மாறும்.) முதல் நாள் 100 கோடி 50 கோடியாகும். மறுநாள் 25 கோடி. இப்படியே பாதி பாதியாகக் குறைந்து, 30-வது நாள் முடிவில் சராசரியாக ஒரே ஒரு செல் மிஞ்சும். மறுபடி வளர அந்த ஒன்று போதும்.

இப்போது, மருந்தின் உதவியால் தினமும் 50 சதவிகிதத்துக்குப் பதில் 60 சதவிகிதம் செல்கள் சாகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 30 நாள்கள் முடிவில் கணக்கு என்ன ஆகிறது தெரியுமா? ஆயிரம் நோயாளிகளை எடுத்துக்கொண்டால், அவர்களில் ஏறக்குறைய ஒருவரிடம் மட்டும்தான் ஒரு செல் மிஞ்சியிருக்கும். நம்பாமல் கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. நிஜ உடம்பில் இவ்வளவு சுத்தமாக எதுவும் நடப்பதில்லை. ஆனாலும், ஒவ்வொரு நாளும் கிடைக்கும் சின்னச் சின்ன லாபம் கடைசியில் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது இதில் தெரிகிறது. ஒரு நாளைத் தவறவிட்டால் என்ன நஷ்டம் என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பாக்டீரியாவில் கிடைத்த மருந்து

சிஸ்பிளாட்டின் கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவாரஸ்யமானது. அந்த ரசாயனத்தை 1845-லேயே மிக்கேலே பெய்ரோனே என்ற இத்தாலியர் தயாரித்துவிட்டார். எதற்குப் பயன்படும் என்று 100 வருடங்களுக்கு மேல் யாருக்கும் தெரியாது. 1960-களில் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர், மின்புலம் செல்களை என்ன செய்யும் என்று பார்க்க, பாக்டீரியாக்கள் இருந்த திரவத்துக்குள் பிளாட்டினம் தகடுகளை வைத்து மின்சாரம் கொடுத்தார். பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிரிவதை நிறுத்திவிட்டு நூல் நூலாக நீண்டன. காரணம், மின்சாரம் இல்லை. தகட்டிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினம். பிரிவதை நிறுத்தும் பொருள் என்றால் புற்றுநோய்க்கு உதவுமே என்று எலிகளில் சோதித்தார்கள். 1978-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது.

கதிரையும் மருந்தையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று காட்டிய கதை வேறு. இதுதான் பெரியப்பாவின் கேள்விக்குப் பதில்.

1970-களின் தொடக்கம் வரை ஆசனவாய்ப் புற்றுநோய்க்கு ஒரே வழி பெரிய அறுவை சிகிச்சைதான். மலக்குடலையும் ஆசனவாயையும் எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு வாழ்நாள் முழுக்கப் பை மாட்டிவிடுவார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நார்மன் நைக்ரோ என்ற அறுவை சிகிச்சை நிபுணர், ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சுருக்குவதற்காக, மிதமான அளவு கதிர்வீச்சோடு ஃபுளோரோயூராசில், மைட்டோமைசின் இரண்டையும் கொடுத்துப் பார்த்தார். 1974-ல் அவர் வெளியிட்டது மூன்றே மூன்று நோயாளிகளைப் பற்றிய சிறிய அறிக்கை. இருவருக்கு ஆபரேஷன் செய்து, எடுத்த பகுதியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், புற்றுநோய் அங்கே இல்லவே இல்லை! மூன்றாவது நபர் ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கும் நோய் திரும்பவில்லை. கட்டியைச் சுருக்கத் தந்த சிகிச்சையே கட்டியை இல்லாமல் செய்துவிட்டது. இன்று உலகம் முழுக்க ஆசனவாய்ப் புற்றுநோய்க்கு முதல் சிகிச்சை இந்தக் கூட்டுச் சிகிச்சைதான். வயிற்றில் பை மாட்டும் ஆபரேஷன், இது பலிக்காதவர்களுக்கு மட்டும்.

குரல்வளையிலும் இதே கதைதான். குரல்வளையை எடுத்துவிட்டால், பழைய குரலும் அதோடு போய்விடும். 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கதிரையும் சிஸ்பிளாட்டினையும் ஒன்றாகப் பெற்றவர்களில் 88 சதவிகிதம் பேருக்கு இரண்டு ஆண்டுகள் கழித்தும் குரல்வளை பத்திரமாக இருந்தது. முதலில் கீமோ, அது முடிந்து ரேடியேஷன் என்று வரிசையாகப் பெற்றவர்களுக்கு 75 சதவிகிதம். ரேடியேஷன் மட்டும் என்றால், 70 சதவிகிதம். ‘ஆபரேஷன் வேண்டாம்’ என்பதற்கு ‘கைவிட்டோம்’ என்று அர்த்தமில்லை. உறுப்பையும் காப்பாற்றிக்கொண்டு நோயையும் போக்கப் பார்க்கிறார்கள் என்பது பல நேரங்களில் அதன் அர்த்தம்.

அடையாறில் நடந்தது

இந்தக் கதையில் சென்னைக்கும் இடம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு தொடங்கியது கேன்சர் இன்ஸ்டிட்யூட். அவருடைய மகன் டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் அங்கே சேர்ந்த டாக்டர் வி.சாந்தாவும் தினம் தினம் பார்த்தது, வெற்றிலை பாக்கோடு புகையிலையை அதக்கி அதக்கிக் கன்னத்தின் உட்புறம் புண்ணாகி வந்தவர்களை. பெரும்பாலும் முற்றிய நிலையில் வருவார்கள். கதிர்வீச்சு மட்டும் கொடுத்து அவர்களைக் காப்பாற்றுவது கடினமாக இருந்தது. 1970-களில், ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட பிளியோமைசின் என்ற மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்து, கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சேர்த்துப் பெற்றவர்களுக்குப் பலன் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. 1977-லும் 1980-லும் அந்த முடிவுகள் மருத்துவ இதழில் வெளியாயின. டாக்டர் சாந்தாவை மகசேசே விருதோடும், எளிய அறையில் வாழ்ந்த சேவையோடும் சேர்த்து நினைவுகூர்கிறோம். இந்த ஆய்வை ஏனோ நாம் அதிகம் பேசுவதில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வருவோம். 1999 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், நாட்டின் டாக்டர்களுக்கு அவசர அறிவிப்பு ஒன்றை அனுப்பியது. ஐந்து பெரிய ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டின. கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் சார்ந்த கீமோவைச் சேர்த்தால், மரண ஆபத்து 30 முதல் 50 சதவிகிதம் வரை குறைகிறது. அதுவரை கதிர்வீச்சு மட்டுமே வழக்கம். அந்த அறிவிப்போடு உலகம் மாறிவிட்டது.

‘அங்கே சரி, நம் ஊர்ப் பெண்களின் உடம்பு தாங்குமா?’ என்ற கேள்வி இங்கே டாக்டர்களுக்கும் இருந்தது. பெரியம்மா கேட்ட அதே கேள்வி! நம் பெண்கள் நோய் முற்றி வருகிறார்கள்; ரத்தசோகையோடு வருகிறார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை இதற்காகவே ஓர் ஆய்வு நடத்தியது. மூன்றாம் நிலையின் பிற்பகுதியில் இருந்த 850 பெண்கள். பாதிப் பேருக்குக் கதிர்வீச்சு மட்டும்; மீதிப் பேருக்குக் கதிர்வீச்சோடு வாரம் ஒரு சிஸ்பிளாட்டின். 2018-ல் முடிவு வெளியானது. ஐந்து ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 46 சதவிகிதம். சேர்த்துப் பெற்றவர்களில் 54 சதவிகிதம். வித்தியாசம் எட்டுதானா என்று தோன்றலாம். 100 குடும்பங்களில் எட்டு வீட்டில் அம்மா இருக்கிறார் என்று படித்துப் பாருங்கள்.

எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு மருந்தைச் சேர்ப்பதால் வரும் லாபம் மங்கிவிடுகிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், காது கேட்பதில் குறை உள்ளவர்களுக்கும் சிஸ்பிளாட்டின் ஆகாது. அப்படிப்பட்ட தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு டோசிடாக்செல் என்ற மருந்தை வாரம் ஒருமுறை சிறிய அளவில் கொடுக்கலாம் என்று காட்டியதும் டாடா மெமோரியல் ஆய்வுதான். மூளையில் வரும் கிளியோபிளாஸ்டோமா கட்டிக்கு, கதிர்வீச்சு நாள்களில் தினமும் டெமோசோலோமைட் கேப்சூல். அதில் லாபம் சிறியதுதான். ஆனால், அந்த நோயில் சிறியதும் பெரியது.

தாங்குமா?

பெரியம்மாவின் திங்கட்கிழமைகள் இப்படித்தான் இருந்தன. ஒன்றரை மணி நேர பஸ் பயணம். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருப்பு. வெள்ளை அணுக்கள், தட்டணுக்கள், கிரியாட்டினின் மூன்றும் சரியாக இருந்தால்தான் கீமோ. முதலில் சலைன் பாட்டில், வாந்தி வராமலிருக்க ஊசி, அப்புறம் மருந்து, மறுபடி சலைன். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து என்பதால் இவ்வளவு தண்ணீர். வீட்டுக்கு வந்தும், டாக்டர் சொன்ன அளவுக்குத் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். பிறகு கதிர்வீச்சு. அதற்கும் ஒரு தண்ணீர்க் கணக்கு உண்டு. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால்தான் குடல் மேலே ஒதுங்கி, கதிரிலிருந்து தப்பும். அதனால் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு, தன் முறை வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மெஷின் ரிப்பேர், வரிசை நீளம் என்று ஒரு மணி நேரம் தள்ளிப்போன நாள்களில் அந்த பெஞ்சில் இருந்த பெண்களின் முகத்தைப் பார்க்க முடியாது.

கதிர் ஓர் இடத்தில்தான் விழுகிறது. மருந்தோ உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கட்டி மட்டும் இல்லையே! வயிற்றுப் பகுதியில் என்றால், குடலும் சிறுநீர்ப்பையும் அங்கே இருக்கின்றன. வயிற்றுப்போக்கு, சிறுநீர் எரிச்சல், குமட்டல், ரத்த அணுக்கள் குறைவது எல்லாமே கதிர்வீச்சு மட்டும் கொடுப்பதைவிட அதிகமாக இருக்கும். வாய், தொண்டை என்றால் இன்னும் கொடுமை. மூன்றாவது வாரத்தில் வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்க முடியாது. மூக்கு வழியே குழாய் போட்டு உணவு கொடுக்க வேண்டிவரும். எடை இறங்கி முகம் வற்றிப்போனால், அளவெடுத்துச் செய்த முகமூடியே தொளதொளவென்று ஆகி, கதிர் குறி தப்பிவிடும் என்று மறுபடி முகமூடி செய்வார்கள். அதனால் குழாய் போடச் சொன்னால், ‘கடைசிக் கட்டம்’ என்று அழ வேண்டாம். சிகிச்சை நிற்காமல் நடக்கப் போடுகிற குழாய் அது. சிகிச்சைக்கு முன்பே பல் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள்; அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். புகையிலையை விடாமல் கதிர்வீச்சுக்கு வந்தால், பலனும் குறையும், புண்ணும் ஆறாது.

பெண்களிடம் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சுக்குப் பிறகு, மாதவிலக்கு நிற்காதவர்களுக்கும் பெரும்பாலும் நின்றுவிடும். பிறப்புறுப்பு சுருங்கி, உலர்ந்துபோகும். அதற்குப் பயிற்சிகளும் களிம்புகளும் இருக்கின்றன. கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள்.

இவ்வளவுக்கும், தாங்க முடியாமல் நிறுத்துகிறவர்களைவிட, தாங்க முடிந்தும் நடுவில் நின்றுவிடுகிறவர்களைத்தான் அந்தக் கூடத்தில் அதிகம் பார்த்தேன். அறுவடை, பேத்தியின் சடங்கு, பஸ்ஸுக்குக் காசில்லை, கூட வர ஆளில்லை. நான்காவது வாரம் ரத்தப்போக்கு நின்றதும் ‘சரியாகிடுச்சு’ என்று ஊருக்குப் போய்விட்டவர் ஒருவர்.

பெரியம்மாவுக்கும் அது வந்தது. நான்காவது வாரம். ஊரில் மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். 30 வருடங்களாகத் தீச்சட்டி எடுக்கிறவர். “டாக்டர்கிட்ட பத்து நாள் லீவு சொல்லிடு பாப்பா. பத்து நாள்ல என்ன ஆகிடப்போகுது... விட்டதைச் சேர்த்து வெச்சுக்கட்டும்.”

அந்த 100 கோடி கணக்கைத் திருப்பிப் போட வேண்டிய இடம் இதுதான். பத்து நாள்கள் விட்டால், அத்தனை நாள் கதிர் கிடைக்கவில்லை என்பதோடு போவதில்லை. பாதிச் சிகிச்சையில் தப்பிய செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு, வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சும் அதற்குப் பின் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சும் சேர்த்து எட்டு வாரங்களுக்குள் முடிய வேண்டும் என்பது உலகளாவிய விதி. அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும், நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவிகிதம் குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மருந்து சேர்த்ததால் கிடைத்த எட்டு சதவிகிதத்தைப் பத்து நாள் லீவில் தொலைத்துவிடலாம்! ரத்த அணுக்கள் குறைந்து ஒரு வாரம் கீமோ தள்ளிப்போனால்கூட, கதிர்வீச்சை நிறுத்தாமல் தொடர டாக்டர்கள் பார்ப்பது இதனால்தான்.

பணம் ஒரு பெரிய காரணம் என்றால், வழிகள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் கதிர்வீச்சு வசதி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை அடங்கும். புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு; மருத்துவமனைச் சான்று வேண்டும். சிஸ்பிளாட்டின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன பழைய மருந்து என்பதால், புதிய மருந்துகளோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. 2024-ல் வெளியான ‘இன்டர்லேஸ்’ என்ற ஆய்வில், கூட்டுச் சிகிச்சைக்கு முன்பாக ஆறு வாரம் வேறு இரண்டு பழைய மருந்துகளைக் கொடுத்தபோது, ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருப்பவர்கள் 72-லிருந்து 80 சதவிகிதமாகக் கூடினார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் பெண்கள் அதில் பங்கேற்றார்கள். அந்த இரண்டு மருந்துகளும் நம் மருத்துவமனைகளில் வருடக்கணக்காகப் புழங்குபவைதாம் என்பதால், இந்தச் செய்தியை டெஸ்க்கில் எடிட் செய்தபோது எனக்கு இரட்டைச் சந்தோஷம்.

இந்த நோயைத் தடுக்கவே எச்.பி.வி தடுப்பூசி இருக்கிறது. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கருப்பைவாய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். பெரியம்மா ஒருமுறைகூடப் போனதில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் யாரும் அதுவரை போனதில்லை.

பெரியம்மாவிடம் நான் சதவிகிதமெல்லாம் சொல்லவில்லை. “இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் சட்டி எடுக்கலாம். இதை விட்டா...” என்று ஆரம்பித்தேன். முடிக்கவிடவில்லை. “சரி, சரி. சிவகாமியை எடுக்கச் சொல்லு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். திருவிழா அன்று காலை எட்டரை மணிக்கு சிறுநீரை அடக்கிக்கொண்டு அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து வீடியோ கால் வந்தது. பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

25 கதிர்வீச்சு, ஐந்து கீமோ, அதன்பின் உள்ளே வைத்துக் கொடுப்பது நான்கு. எல்லாம் முடிந்தபோது 53-வது நாள். குறி பார்ப்பதற்காக இடுப்பில் மார்க்கரால் போட்ட கோடுகளை, தேய்த்துக் குளித்தால் அழிந்துவிடும் என்று இத்தனை வாரமும் பயந்து பயந்து பொத்திப் பாதுகாத்தவர், கடைசி நாள் நர்ஸிடம் கேட்டார்.

“ஏம்மா, இனிமே இந்தக் கோட்டை மஞ்சள் தேய்ச்சு அழிச்சுடலாமா?”

“புண்ணெல்லாம் ஆறட்டும்மா, மூணு வாரம் கழிச்சுத் தேய்ச்சுக்கலாம். இப்போ வெறும் தண்ணி மட்டும்.”

“அதுக்கும் கணக்கு வெச்சிருக்கீங்களா!” என்றபடி புடவையைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். மூன்று மாதம் கழித்து ஸ்கேன்.